குழந்தைகளையும் ஒரு வார்த்தை கேட்கலாமே!

மொரப்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், "தினமும் களி தின்றால் அலுக்காதா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருக்கும். கேழ்வரகுக் களி அந்த வட்டாரத்தின் பழைய சாப்பாடு. களி மாறாது, குழம்பு மாறும். ஒருநாள் கீரைக் கடைசல், ஒருநாள் அவரைக்கொட்டைக் குழம்பு, கையில் காசு இருந்தால் கருவாடு. இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்வது அந்த வீட்டாரே. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 105 பேருக்கு வாரம் ஒரு முறை, 10 வாரம், ஒரு இறைச்சிக் குழம்பு. சிலருக்கு ஒரே ருசி. சிலருக்கு மூன்று ருசிகள், ஆனால் மற்றவர் மாற்றி மாற்றிக் கொடுத்தது. சிலர் அந்த மூன்றில் தாங்களே எடுத்துக் கொண்டார்கள். 2000-இல் முடிவு வெளியாயிற்று. ஒரே ருசிக்காரர்கள் அதிகம் சலித்தார்கள். அதில் ஆச்சரியமில்லை. தாமே தேர்ந்தவர்கள்தான் மிகக் குறைவாகச் சலித்தார்கள்!

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காமராஜர் 1956-இல் மதிய உணவு தந்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2013-இல் கலவைச் சாதங்கள் வந்தன. ஒரே சோறு சாம்பார் என்ற நிலை மாறியது. நல்ல காரியம். ஆனால் எந்தக் கிழமைக்கு எந்தச் சாதம் என்பதை மேலே இருப்பவர்கள் எழுதிவிடுகிறார்கள். முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. அதற்கு மேல் பிள்ளைக்குப் பேச்சில்லை. காலை உணவில் திங்கட்கிழமை உப்புமா போய்ப் பொங்கலும் சாம்பாரும் வரும் என்று 2025-இல் அறிவிப்பு வந்ததே, அதற்குக்கூட மந்திரியின் வாயிலிருந்து சொல் வர வேண்டியிருந்தது. (உப்புமாவின் ஜாதகம் அப்படி!)

தினம் இரண்டு வகை சமைக்கச் சொல்லவில்லை. ஆயாவுக்கு இருப்பது இரண்டே கைகள். புளிச்சாதமும் தக்காளிச் சாதமும் எப்படியும் அந்த மாதத்தில் சமைக்கப்படுகிறவைதான். அவற்றை எந்தக் கிழமையில் வைப்பது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் என்ன? வெள்ளிக்கிழமை வகுப்பில் கை தூக்கச் சொன்னால் அடுத்த வாரப் பட்டியல் தயார். அரிசி, பருப்பு, முட்டை அளவில் ஒரு குண்டுமணியும் மாற வேண்டாம்.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் அடுப்பு எரியாத நாளும் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் சோறுதான் அன்றைய வயிற்றுப்பாடு. அது பாதியில் சலித்துத் தட்டில் மிஞ்சினால், கணக்கில் சத்துணவு. வயிற்றில் அரை உணவு.

2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடைக்காரர், 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர முன்வந்தார். அரிசியா, கேழ்வரகா என்று தாயைக் கேட்ட சர்க்கார், பிள்ளையையும் கேட்கட்டும். மொரப்பூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். தட்டில் மிஞ்சுவதை முன்னும் பின்னும் தராசில் வைத்தால் தெரிந்துவிடும்.