மதிப்பெண்ணுக்கும் பிழை உண்டு

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்களிடம் வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து, ஓர் உருளையின் விட்டத்தை அளக்கச் சொல்வேன். ஒருவர் 2.34 செ.மீ. என்பார், அடுத்தவர் 2.35 என்பார். உருளை ஒன்றுதான். இரண்டையும் ஏற்றுக்கொள்வோம். கருவியின் மீச்சிற்றளவே 0.01 செ.மீ. அல்லவா? பிழை எவ்வளவு என்று குறிப்பிடாத அளவீட்டை நாங்கள் முழுமையானதாக மதிப்பதில்லை.

ஆனால் தேர்வில் வரும் எண்ணை மட்டும் கல்வெட்டைப் போலப் படிக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரே ஓர் அறிவியல் தேர்வை வைத்து ஒன்பதாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். 70 பெற்றவர் 'ஏ' பிரிவு. 68 பெற்ற ஒரு சிறுமி 'பி' பிரிவு. "உனக்கு அறிவியல் வராது" என்றும் சொல்லிவிட்டார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

அந்த 2 மதிப்பெண்ணின் எடை என்ன? 60 வினாக்களுக்கு விடை தெரிந்து, மீதி 40க்குக் குருட்டாம்போக்கில் குறிக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு நாணயங்களை ஒருசேரச் சுண்டுங்கள். இரண்டிலும் தலை விழுந்தால் சரியான விடை, இல்லையேல் தவறு. நான்கில் ஒரு வாய்ப்புத்தானே? 40 முறை சுண்டி எண்ணுங்கள். சராசரியாக 10 வர வேண்டும். ஆனால் ஒரு தடவை 7 வரும், மறு தடவை 13 வரும். இதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.7. ஆக, அதே அறிவுக்கு 67ம் கிடைக்கும், 73ம் கிடைக்கும். நாணயத்துக்கு ஏது அறிவியல்!

பெர்சன்டைல் வந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 2019 முதல் இதைத் தருகிறார்கள். உங்கள் அண்ணன் 85 பெர்சன்டைல் பெற்றால், அது நூற்றுக்கு 85 மதிப்பெண் அன்று. உடன் எழுதிய 100 பேரில் 85 பேர் அவர் அளவோ அதற்குக் குறைவாகவோ பெற்றனர் என்பதே பொருள். மதிப்பெண் பாதிகூட இல்லாமலிருக்கலாம். அதையும் தசமப் புள்ளிக்குப் பின் 7 இலக்கம் வரை தருகிறார்கள்! பலர் ஒரே இடத்தில் குவிந்துவிடாமல் வரிசைப்படுத்தவே அத்தனை இலக்கங்கள். அறிவை அவ்வளவு நுட்பமாக அளந்துவிட்டதால் அன்று. என் மாணவர் யாரேனும் வெர்னியரை வைத்து ஏழு இலக்கம் எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இதைக் கேட்டு, 35 வாங்கியவர் "எல்லாம் பிழைதான் சார்" என்று நழுவ முடியாது. 35க்கும் 80க்கும் உள்ள இடைவெளி நாணயம் சுண்டி வருவதன்று. ஆனால் 68க்கும் 70க்கும் நடுவே சுவர் எழுப்புவதை நான் ஏற்க மாட்டேன். ஓர் உருளையையே ஐந்து முறை அளந்து சராசரி எடுக்கிறோமே!

அச்சிறுமியின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். தவறியவற்றுள் ஏறத்தாழப் பாதி, குழியாடி, குவியாடி பற்றியவை. அந்தப் பாடம் நடந்த இரண்டு வாரமும் அவள் அம்மை கண்டு வீட்டில் படுத்திருந்தாளாம்.