காசோலைப் படத்திற்குப் பிறகு என்ன?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் ஒரே மாதிரியான படத்தைப் பார்க்கிறோம். ஆளுயர மாதிரிக் காசோலை ஒன்று. அதன் ஒரு பக்கம் நிறுவன அதிகாரி, மறுபக்கம் அரசியல் தலைவர், நடுவில் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவி. அந்த உதவியால் படித்து முன்னேறியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அதே மாணவியின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டினார்கள், அவர் படிப்பை முடித்தாரா என்பது பற்றிச் செய்தி வருவதில்லை.

அறவாரியங்கள், அரசாங்கம், வணிக நிறுவனங்கள் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் இளைஞர்களின் கல்வி உயரும் என்று இன்று எல்லா மேடைகளிலும் பேசப்படுகிறது. அது உண்மைதான். ஆனால், ஒன்று சேர்ந்தால் மட்டும் போதாது. யார் எதைத் தருகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்குத் தருகிறார்கள், கணக்கை யாரிடம் காட்டுவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிரமப்படுவது மாணவர்களே. இதற்கு நம் பேராக் மாநிலத்தின் வரலாறே சாட்சி.

இந்நாட்டின் பழைய கல்விக் கூட்டணிகளில் ஒன்று எது தெரியுமா? நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிதான். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளி வேண்டும் என்றார்களே தவிர, அது எப்படிப்பட்ட பள்ளியாக இருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியானது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியாரானார்.

சுதந்திரத்திற்குப் பிறகு இந்த ஏற்பாடு வேறு வடிவம் பெற்றது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நிலம் தோட்ட நிறுவனத்துடையது. கூரை ஒழுகினால் பணம் திரட்டும் பொறுப்பு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. இதைத்தான் பகுதி அரசாங்க உதவி பெறும் பள்ளி என்கிறோம். பேராக்கில் உள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பல இப்படித் தோட்டங்களில் பிறந்தவையே. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டங்கள் கைமாறியபோது, லயங்களில் இருந்த குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் குடிபெயர்ந்தபோது, பள்ளி யாருடையது என்ற கேள்வி எழுந்தது. நிலம் பள்ளியின் பெயரில் இல்லாத இடங்களில் ஒரு கூடுதல் கட்டடம் எழுப்பக்கூட நில உரிமையாளரின் அனுமதிக்காக அலைய வேண்டியிருந்தது. மூன்று தரப்பும் பல ஆண்டுகள் ஒன்றாக இருந்தும், தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டிய ஒன்றை எழுதி வைக்காததன் விளைவு அது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம் மண்ணிலிருந்தே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அச்சங்கம் இன்றும் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது. உதவி பெறுகிறவரே அங்கே உரிமையாளரும் ஆவார். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. நன்கொடைக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அண்மைக்கால அனுபவம் ஒன்றையும் பார்ப்போம். டத்தோஸ்ரீ ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராக இருந்தபோது பேராக் தமிழ்ப்பள்ளிகளின் மேம்பாட்டிற்காக 2,000 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. அதை நிர்வகிக்க ஓர் அறவாரியமும் அமைந்தது. நிலத்தின் வருமானம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் மானியத்தைவிட இது எவ்வளவோ மேலான யோசனை. ஆயினும் அந்த நிலத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக அரசியல் மேடைகளில் கேள்விகள் எழுந்தபடியே இருந்தன. எவ்வளவு வருமானம், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்ற விவரம் ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருந்தால், இதை அரசியலாக்க யாராலும் முடிந்திருக்காது.

"கொடுப்பவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா? அது மரியாதையா?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான தயக்கம்தான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட அறவாரியத்திற்கு ஒரு நிறுவனம் நன்கொடை தரும்போது, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி அதற்கு வரிக்கழிவு கிடைக்கிறது. அதாவது, அந்த நன்கொடையின் ஒரு பகுதி அரசாங்கம் வசூலிக்காமல் விட்டுக்கொடுத்த வரிப்பணம். அது நம் பெற்றோர் உட்பட இந்நாட்டு மக்கள் எல்லாருடைய பணம். அதைப் பற்றிப் பணிவோடு கேட்பது நன்றி மறப்பது ஆகாது.

முறையாகச் செய்யவும் முடியும். கஸானா நேஷனல் நிறுவனம் 2010-இல் தொடங்கிய அமிர் அறவாரியம், கல்வி அமைச்சுடன் சேர்ந்து 2011-இல் பத்து அரசாங்கப் பள்ளிகளில் 'டிரஸ்ட் ஸ்கூல்' திட்டத்தை ஆரம்பித்தது. ஒரு நாள் விழாவோடு அது முடியவில்லை. பல ஆண்டுகள் பள்ளிக்குள்ளேயே இருந்து ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பயிற்சி தருவதே அதன் வழிமுறை. தமிழ்ப்பள்ளிகளுக்கும், நம் மாணவர்கள் அதிகம் பயிலும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் இதுபோன்ற நீண்டகால ஒப்பந்தங்களை நாம் ஏன் கேட்கக் கூடாது?

பேராக்கில் இதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. நாட்டின் பெரிய தோட்ட நிறுவனங்களில் ஒன்றான கோலாலம்பூர் கெப்போங்கின் தலைமையகம் ஈப்போவில்தான் இருக்கிறது. அதன் கே.எல்.கே. அறவாரியம் உபகாரச் சம்பளமும் வழங்குகிறது. மாநில அரசாங்கத்திற்கு பேராக் அறவாரியம் உண்டு. ஒரு காலத்தில் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். இத்தரப்புகள் ஒரே மேசையில் அமர வேண்டும்.

அந்த மேசையில் வைக்க என்னிடம் மூன்று கோரிக்கைகள் உள்ளன.

முதலாவது, உதவி படிப்பு முடியும் வரை தொடர வேண்டும். சரியான நேரத்தில் வர வேண்டும். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மடிக்கணினி, பேருந்துச் செலவு எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து நிற்கின்றன. என் நண்பர் ஒருவருக்கு உறுதியளிக்கப்பட்ட உதவித்தொகை மூன்றாம் பருவத்தில்தான் கையில் கிடைத்தது. அதற்குள் அவருடைய தாயார் நகையை அடகு வைத்துவிட்டார்.

இரண்டாவது, 9 ஏ எடுத்தவரை மட்டும் தேடக் கூடாது. அவருக்குக் கதவைத் திறக்கப் பலர் இருக்கிறார்கள். நான்கு பாடங்களில் மட்டும் கிரெடிட் பெற்று, அடுத்து என்ன என்று தெரியாமல் உணவுக் கடையிலும் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போய்விடும் மாணவருக்குத்தான் வழிகாட்டி தேவை. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக், 1969-இல் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கப்பட்ட நாட்டின் முதல் பாலிடெக்னிக். இத்தகைய இடங்களில் நம் மாணவர்களைச் சேர்த்து, படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் பயிற்சியும் பெற வழி செய்தால், அந்தப் பணம் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும்.

மூன்றாவது, இத்தனை பேர் உதவி பெற்றார்கள், இத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம்; படம் வேண்டாம்.

மாணவ நண்பர்களே, நமக்கும் கடமை உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல் நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை பருவங்களுக்கு உதவி, எந்தத் தேதியில் பணம், மதிப்பெண் குறைந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உதவி பெற்றவர்கள் உங்களுக்குப் பின் வரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுங்கள்.

மாதம் பத்து வெள்ளி கட்டிய தோட்டத் தொழிலாளர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நாம் அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.