கடலோரச் சூதும் லயத்துச் சூதும்

சில ஆண்டுகளுக்கு முன், சம்பள நாள் மாலையில், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து இஸ்தோப்பில் நால்வர் காசு வைத்துக் கடதாசி விளையாடினர். பிடிபட்டனர்; தண்டப்பணம் கட்டினர். அவர்களுள் ஒருவரின் மகன் வகுப்பில் என்னைக் கேட்டான்: "சேர், கொழும்பில் விளையாடுகிறவர்களைப் பிடிக்கமாட்டார்களா?"

அன்று நான் சொல்லத் தயங்கிய விடையை இங்கே எழுதுகிறேன்.

1875 இல் நுவரெலியாவில் துரைமாருக்குக் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1889 இல் அதே வெள்ளை ஆட்சி சூதாட்டக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. துரையின் பந்தயம் பொழுதுபோக்கு. கூலியின் பந்தயம் குற்றம்!

துரைமார் போயினர், அவர்களது நியாயம் போகவில்லை. கொழும்பில், கடற்காற்று வீசும் கொள்ளுப்பிட்டியில், கசினோக்கள் முளைத்தன. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடிருக்கையிலேயே, 1988 இல், சூதாட்டத்துக்கு வரி அறவிடச் சட்டம் வந்தது. கசினோக்களை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டமோ 2010 இல்தான் பிறந்தது. லயத்தில் குற்றமாயிருந்தது கடலோரத்தில் அரசின் வருமானமாயிற்று.

2025 ஆகஸ்டில், நூறு கோடி டொலருக்கு மேல் விழுங்கிய 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' மாளிகையில் புதிய கசினோ திறக்கப்பட்டது. அவ்வாண்டே இலங்கையருக்கான கசினோ நுழைவு அறவீடு 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்ந்தது. 'ஏழையைக் காக்கும் வேலி இது' என்பர். அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. 100 டொலரோ ஏறத்தாழ 30,000 ரூபா. அட்டைக்கடியும் மழையும் தாங்கிக் கொழுந்து பறித்த இருபத்திரண்டு நாள் உழைப்பு! அந்த வாசலை ஏழை மிதிக்கமாட்டான், உண்மைதான். ஆனால் மலையக நகரங்களில் அவனுக்கென்று பந்தயக் கடைகள் திறந்திருக்கின்றனவே! எங்கோ இங்கிலாந்தில் ஓடும் குதிரையின்மேல் அவன் பிள்ளையின் பால்மா காசு ஏறிச் செல்கிறதே! அங்கே வேலி எங்கே?

அந்நியச் செலாவணி வேண்டுமாம். ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலை ஈட்டித் தந்தது அந்நியச் செலாவணி அன்றி வேறென்ன? அதை ஈட்டிய கைகளுக்கு நாடு தந்தது லயத்து அறைதானே!

சூதுக்கு நான் வழக்காட வரவில்லை. வள்ளுவர் அதைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்தார். பாரதக் கதையில் சூதாடியவர்கள் அரசர்கள், பணயமாக்கப்பட்டவளோ பாஞ்சாலி. இன்றும் ஆடுவோர் வேறு, பணயமாவோர் வேறு. சூது தீதெனில் இஸ்தோப்பிலும் தீது, பளிங்கு மண்டபத்திலும் தீது. சட்டங்கள் புதிதாகின்றன, தராசு மட்டும் பழையதாகவே இருப்பதா?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அந்தச் சிறுவனின் கேள்வியை வகுப்பறையோடு முடித்துவிடாதீர்கள். அதற்கு விடையளிக்க வேண்டியவர் ஆசிரியர் அல்லர்; ஆள்வோர்.