பொதுப் பணமும் விஞ்ஞானப் பலனும்

ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்துவது இன்று அபூர்வமான காரியமல்ல. ஆனால் வைத்தியர் பொருத்திய உறுப்பை உடல் அந்நியமென்றே பாவிக்கிறது. ரத்தத்திலுள்ள டி அணுக்கள் என்னும் காவற்படை அதன்மீது பாய்கிறது. படை முழுவதையும் முடக்கினால் உறுப்புப் பிழைக்கும். ஆயின் சாதாரணத் தொற்றுநோயும் நோயாளியின் உயிரைக் கவர்ந்துவிடும். வேண்டிய அணுவை மாத்திரம் தேடிப் பற்றும் மருந்து அவசியமாயிற்று.

அதற்கு வழிகாட்டியவர்கள் மில்ஸ்டைன், கோலர் என்ற இருவர். பிரிட்டிஷ் பொதுப் பணத்தால் நடைபெறும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிசாலையில், எதிர்ப்பொருள் சுரக்கும் எலி அணுவையும், ஓயாது பெருகும் புற்றுநோய் அணுவையும் இவர்கள் ஒன்றாக இணைத்தனர். அந்த முறை 1975-ல் வெளியாயிற்று. ஒரே இலக்கை நாடும் ஒரே வகை எதிர்ப்பொருள் வேண்டிய மட்டும் கிடைத்தது. மோனோக்ளோனல் எதிர்ப்பொருள் என்பது இதுவே. இம்முறையில் பிறந்த ஓ.கே.டி.3 என்ற மருந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளுவதைத் தடுக்க 1986-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மனித சிகிச்சைக்கு வந்த முதல் மோனோக்ளோனல் மருந்து அதுவே. எலியினின்று வந்ததால் அதனையும் உடல் அந்நியமென்று எதிர்த்தது. எனவே, பெரும்பகுதி மனிதத்தன்மையுள்ள பாஸிலிக்ஸிமாப் போன்றவை பின்னர் தோன்றின.

மில்ஸ்டைன் பிறந்தது ஆர்ஜெண்டினாவில். 1962-ம் ஆண்டு ராணுவப் புரட்சிக்குப் பின் சகாக்கள் துன்புறுத்தப்படுவதைச் சகியாமல் அவர் பதவி துறந்து, கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். 1984-ல் நோபெல் பரிசு பெற்றார். அறிஞனுக்கு இடமளிக்காத தேசம், அவன் அறிவின் பயனையும் இழந்தது.

ஆதரவளித்த பிரிட்டன் மட்டும் விழிப்பாயிருந்ததா? பேடண்ட் பெறுவது குறித்துக் கேட்டபோது, அதற்கென நியமிக்கப்பட்ட சர்க்கார் ஸ்தாபனம், உடனடிப் பிரயோஜனம் புலப்படவில்லை என்று கைவிரித்தது. சில ஆண்டுகளிலேயே, இம்முறையால் செய்த எதிர்ப்பொருள்களுக்கு அமெரிக்காவில் பிறர் பேடண்ட் பெற்றனர்.

பேடண்ட் இல்லாததால் ஆராய்ச்சி தடையின்றிப் பரவியது நன்மையன்றோ என்பர் சிலர். மெய்தான். மில்ஸ்டைன் தம் அணுக்களைப் பிற விஞ்ஞானிகளுக்குத் தாராளமாக வழங்கினார். அதை நாம் போற்றுகிறோம். ஆனால் ஊரார் வெட்டிய குளத்தின் மதகு பிறர் கைக்குப் போனால், தண்ணீருக்குக் கூலி விதிப்பவர் அவரன்றோ? உரிமை பொது ஸ்தாபனத்திடம் இருந்தால், முறையை எல்லோருக்கும் திறந்து விடலாம். மருந்து நியாய விலைக்கு விற்கப்பட வேண்டுமென்ற நிபந்தனையும் விதிக்கலாம். உரிமையைக் கைவிட்டவர் நிபந்தனை பேச இடமேது?

மாற்று உறுப்புடன் வாழ்பவர் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் எதிர்ப்படக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டியவர். ஏழைக்கு அவற்றின் விலையே உயிர்ப்பிரச்னை. ஆகவே, வரிப்பணத்தில் நடைபெறும் நமது ஆராய்ச்சிசாலைகளில் பிறக்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்பின் உரிமையையும் சர்க்கார் ஜனங்களின் பேரில் காத்தல் வேண்டும். செலவு பொதுவாயிருக்க, லாபம் மட்டும் தனியார் சொத்தாவதை ஜனங்கள் பொறுத்தலாகாது.