ராட்டினம் இல்ல அண்ணாச்சி!

நேத்து அஞ்சுகிராமம் டீக்கடையில ஒரு அண்ணாச்சி கேட்டார்: "மனுசனை ராட்டினத்துல வெச்சு சுத்துறதுக்கா கோடிக்கணக்குல செலவு?" பெங்களூர்ல விமானப்படை பைலட்டுகளைச் சுத்துற சென்ட்ரிஃபியூஜைத்தான் சொல்றார்.

ராட்டினமா அது? வேகம் ரெண்டு மடங்கானா, உடம்பு மேல அமுக்கம் நாலு மடங்காகும்!

2018 அக்டோபர் 11. சோயூஸ் ராக்கெட் நடுவானில் பழுதாச்சு. தப்பி இறங்கின கலத்துல இருந்த ரெண்டு பேரையும் 6.7 ஜி அமுக்குச்சு. 60 கிலோ ஆளு 400 கிலோ கனப்பார். மூச்சு இழுக்கவே பாடு. ஆனா ரெண்டு பேரும் நல்லபடியா வந்து சேர்ந்தாங்க. தரையிலேயே சுத்திப் பழகினவங்க அவங்க.

நம்ம பக்கத்து மகேந்திரகிரியில ககன்யான் இஞ்சினை எரிச்சு சோதிச்சா கை தட்டுறோம். இஞ்சினுக்குச் சோதனை வேணும், அதுல போற மனுசனுக்கு வேண்டாமா? சொல்லுங்க மக்களே!