தலைக்கட்டுக்கு ஒரு பிள்ளை

பழவேற்காட்டு ஏரியில் படகும் வலையும் இருந்தால் மட்டும் போதாது, முறையும் வர வேண்டும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்களும் ஏரியின் வளமான இடங்களைப் 'பாடு' என்று வகுத்து, யார் எப்போது எங்கே வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். தலைக்கட்டாகக் கணக்கில் வரும் மணமான ஆணுக்குத்தான் அந்த உரிமை. தகப்பனுக்குப் பின் மகனுக்கு. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த ஏற்பாட்டை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளையில்லாத தம்பதி தத்தெடுக்க நினைக்கும்போது, நமக்குப் பிறகு தலைக்கட்டு யாருக்கு என்ற கேள்வி முன்னால் வந்து நிற்பது இயல்பு. ஆனால் இன்றைய சட்டம் அந்தக் கேள்வியில் தொடங்கவில்லை. அது குழந்தைக்கு ஒரு வீட்டைத் தேடுகிறது. வீட்டுக்கு ஒரு வாரிசைத் தேடவில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டவர்களுக்குத் தத்தெடுப்பின் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கிவிடும். வாங்காதவர்களுக்கு எல்லாமே அலைக்கழிப்பாகத்தான் தோன்றும்.

முதல் அலைக்கழிப்பு காத்திருப்பு. நாடு முழுவதற்குமான தத்தெடுப்பை 'காரா' என்ற மத்திய ஆணையம் இணையம் வழியே நடத்துகிறது. பதிவு மூப்புப்படி குழந்தை காட்டப்படும். வரிசையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் இருக்கிறார்கள். 2024-25இல் தத்துப் போன குழந்தைகளோ 4,515 பேர்தான். பல ஆண்டுகளில் அதுவே பெரிய எண்ணிக்கை. சிறு குழந்தை வேண்டுமென்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். பாட்டுக்கு முறை பார்த்துப் பழகிய ஊருக்கு வரிசை என்பது புதிதல்ல. என்றாலும் நியாயமான ஒரு கேள்வி உண்டு: இல்லங்கள் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது ஏன் இந்தத் தாமதம்? இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உறவோ உண்டு என்பதுதான் பதில். வறுமையால், நோயால், குடும்பச் சண்டையால் அங்கே விடப்பட்டவர்கள் அவர்கள். ஒரு குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிறகே அது பட்டியலுக்கு வரும். தாயே எழுதிக்கொடுத்தாலும், மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. காத்திருக்கும் தம்பதிக்கு அந்த 60 நாள் சுமை. பெற்றவளுக்கு அது கடைசி வாய்ப்பு. இரண்டையும் எடை போட்டுச் சட்டம் பெற்றவள் பக்கம் நின்றிருக்கிறது. சரியாகவே நின்றிருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் 2005இல் சென்னையில் வெளிவந்த வழக்கை நினைத்துப் பார்க்கலாம். குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள், பொய்க் காகிதங்களோடு ஒரு நிறுவனத்தின் வழியே நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போயிருந்தார்கள். 2019இல் ராசிபுரத்தில் குழந்தையின் நிறத்துக்கும் பாலினத்துக்கும் தனித்தனி விலை பேசிய ஒலிப்பதிவு தமிழ்நாட்டையே அதிர வைத்தது. தென்கொரியாவில் அரசே அமைத்த விசாரணை ஆணையம், வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள் திருத்தப்பட்டதை 2025இல் உறுதி செய்தது. எல்லா இடத்திலும் குறுக்கு வழி ஒன்றுதான்: ஆசைப்பட்டவரிடம் பணம் இருந்தது, அவசரமும் இருந்தது. மருத்துவமனையில் 'ஒரு குழந்தை இருக்கிறது' என்று காதோடு சொல்ல வருகிறவரை இனிமேல் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டப்படி முறைமீறிய தத்தெடுப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை. அதைவிடப் பெரிய இழப்பு, ஆசையாக வளர்த்த பிள்ளையை ஒருநாள் அதிகாரிகள் வந்து அழைத்துப் போவது.

அக்கா பிள்ளையைத் தங்கை வளர்ப்பதற்குக் காகிதம் எதற்கு என்பது இன்னொரு வாதம். நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பதுதான், அதில் குற்றமும் இல்லை. ஆனால் வளர்ப்பது வேறு, தத்து வேறு. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இருக்கிறது. குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, மனைவியின் சம்மதம் வேண்டும், மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, பணம் கைமாறக் கூடாது. பத்திரத்தைப் பதிந்துவிட்டால் பிற்காலத்தில் பங்காளிகள் கிளப்பும் வழக்கில் அது பெரிய அரண். பழவேற்காட்டில் மசூதியும் மாதா கோயிலும் இருக்கின்றன. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக இருப்பதுதான் நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்த வழி, அதுவும் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உறவுக் குழந்தைக்கும் அந்த வழி உண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். பழவேற்காட்டுக்காரர்கள் திருவள்ளூரைத்தான் பார்க்க வேண்டும்.

கடலையும் ஏரியையும் நம்பிய வீட்டுக்குக் குழந்தை தருவார்களா என்ற தயக்கம் பலரைப் பதிவு செய்யவிடாமல் தடுக்கும். வருமானத்துக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரம்பு விதியில் இல்லை. வளர்க்கும் வசதி இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர் தாசில்தார் தரும் வருமானச் சான்றைக் கொடுக்கலாம். உண்மையில் மாட்டிக்கொள்வது திருமணச் சான்றில். கோயிலில் தாலி கட்டி ஊர்கூடி நடந்த கல்யாணத்தைப் பதியாமலே விட்டவர்கள் ஏராளம், 2009ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. நாற்பதைக் கடந்தபின் யோசிக்கத் தொடங்கும் தம்பதிகளை வெளியே நிறுத்துவது இந்தக் கணக்குத்தான். அவர்கள் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை யோசிப்பது நல்லது, வரிசையும் அங்கே குறைவு. வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் சுவரின் பூச்சைப் பார்க்க வருவதில்லை. மாமியார் என்ன நினைக்கிறார், குடி உண்டா, இன்னொரு குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நகரத்தில் வேண்டுமானால் சில காலம் ஓடும். நூறு வீட்டுக் குப்பத்தில் ஓடாது. தண்ணீர்க் குழாயடியிலோ பள்ளிக்கூடச் சண்டையிலோ யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்பே, கதை கேட்கும் வயதிலேயே, பெற்றோர் வாயால் பிள்ளை கேட்டிருக்க வேண்டும். சொன்னால் பாசம் குறையும் என்ற பயம் புரிகிறது. ஆனால் தன் பூர்வீகத்தைத் தேட, பதினெட்டு நிறைந்த பிள்ளைக்கு விதிகளே உரிமை தருகின்றன. ஆக, ஒளித்து வைப்பது நிலைக்காது.

மீண்டும் தலைக்கட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் ஆட்சியரின் ஆணை தீர்க்காத ஒரே விஷயம் அதுதான். சட்டப்படி தத்துப் பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளை. வீடும் படகும் வந்து சேரும். பாடு ஊர் வழக்கம், பத்திரத்தில் எழுதி மாற்றுகிற சொத்தல்ல. முகத்துவாரம் மணல் மூடி, பையன்கள் காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் வேலைக்குப் போகும் காலத்தில் பாட்டுக்காக மட்டும் ஓர் ஆண்பிள்ளையைத் தேடுவது வீண். பெண் குழந்தைக்காகப் பதிவு செய்தவர்களின் வீட்டில் தலைக்கட்டுக் கேள்வியே எழாது, பாடு மகளுக்குப் போவதில்லை என்பதால். ஆண் குழந்தை வரப்போகிற வீட்டார், அவன் வளர்ந்து மணமானபின் தலைக்கட்டாக எண்ணப்படுவானா என்று ஊர்ப் பஞ்சாயத்தில் இப்போதே கேட்டு, வரும் பதிலை ஊர்க் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். காத்திருக்கும் மூன்று ஆண்டுகள் அதற்குத் தாராளம்.