விற்பனை வரி ஒன்றே போதுமா?

வருமான வரியை ஒழித்துவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வலதுசாரிப் பொருளாதாரச் சிந்தனையில் நெடுநாளாக ஒலிக்கும் கோரிக்கை. அமெரிக்காவில் ‘நியாய வரி’ என்ற பெயரில் இதற்கான மசோதா 1999 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகிறது. இந்தியாவில் வருமான வரியே கூடாது என்று சுப்பிரமணியன் சுவாமி பலமுறை வலியுறுத்தியிருக்கிறார். அதை எடுத்துவிட்டால் ஏற்படும் இழப்பை ஜிஎஸ்டி ஈடுகட்டும் என்ற பேச்சும் உடன் எழுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தஞ்சை மாவட்டம் பூதலூர் வட்டத்து நெல் விவசாயியின் வரவு செலவோடு வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நிற்பதில்லை.

முதல் காரணம், நாட்டில் வரி கட்டுவோர் வெகு சிலர், விவசாயி ஒரு காசும் கட்டுவதில்லை என்பது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் 266 ரூபாய் 50 காசு விலையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் ஏறத்தாழ 12 ரூபாய் 70 காசு ஜிஎஸ்டி. 1,350 ரூபாய் டிஏபி மூட்டையில் 64 ரூபாய். பூச்சிமருந்துக்கு 18 விழுக்காடு. உழவு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் குடிக்கும் டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. அதன்மேல் மத்திய கலால் வரியும் மாநில வாட் வரியும் விழுகின்றன.

கடைக்காரர் தாம் கட்டிய வரியைத் தாம் வசூலித்த வரியில் கழித்துக்கொள்கிறார். மீதியை விலையில் ஏற்றி வாங்குபவர் தலையில் வைக்கிறார். விவசாயிக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. நெல்லுக்கு வரி இல்லாததால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற அவருக்கு இடமில்லை. விலையையும் அவர் வைப்பதில்லை. 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய் என்று அரசு தீர்மானித்தது. உரக்கடையில் எவ்வளவு வரி கட்டியிருந்தாலும் அவருக்குக் கிடைப்பது அந்தத் தொகைதான். குறுவையோ தாளடியோ மழையில் சாய்ந்து விளைச்சல் போனாலும், உரத்தோடு கட்டிய வரி போனதுதான். நஷ்டம் வந்தவரிடம் வருமான வரி கேட்பதில்லை. விற்பனை வரி கேட்கிறது. குத்தகைக்கு உழுபவருக்கு இந்தச் சுமை இன்னும் கடுமை.

விற்பனை வரி எல்லோருக்கும் சமம், ஆகவே நியாயம் என்பது அடுத்த காரணம். விகிதம் சமம், சுமை சமமல்ல. வருவதையெல்லாம் செலவழித்தே தீர வேண்டிய குடும்பத்தின் வருமானம் முழுவதும் வரியின் வீச்சுக்குள் வருகிறது. பாதியைச் சேமிப்பவருக்குப் பாதி வருமானம் தப்பிவிடுகிறது. 2023-24 குடும்பச் செலவு ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறச் செலவில் சுமார் 47 விழுக்காடு உணவுக்கே போகிறது. வரி வீதத்தை ஏற்றும்போது உணவை எவ்வளவு காலம் வரிக்கு வெளியே வைத்திருக்க முடியும்?

அந்த வீதம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். 2023-24இல் இந்தியாவின் நிகர நேரடி வரி வசூல் சுமார் 19.6 லட்சம் கோடி ரூபாய். மொத்த ஜிஎஸ்டி வசூல் சுமார் 20.2 லட்சம் கோடி. வருமான வரியோடு நிறுவன வரியையும் எடுத்துவிட்டு அதே தொகையைத் திரட்ட ஜிஎஸ்டியை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும்: 5 என்பது 10ஐயும், 18 என்பது 36ஐயும் நெருங்கும். தனிநபர் வருமான வரியை மட்டும் நீக்கினாலும் பாதி அளவு கூட்டியாக வேண்டும். அமெரிக்க மசோதா சொல்லும் 23 விழுக்காடும் வரி சேர்ந்த விலையில் கணக்கிட்டது; 100 ரூபாய்ப் பொருளுக்கு 30 ரூபாய் வரி என்பதே அதன் பொருள். குடியரசுக் கட்சி அதிபர் புஷ் அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவே 2005இல் தேசிய விற்பனை வரியைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

எளிமை என்ற காரணத்துக்கு அரிசி மூட்டையே பதில். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்தது. அதே நாளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கான வரி 12இலிருந்து 18க்கும், அரிசி ஆலை இயந்திரங்களுக்கான வரி 5இலிருந்து 18க்கும் ஏறின. ஏய்க்க முடியாத வரி என்பதும் அப்படித்தான்: சரக்கே நகராமல் போலி பில் போட்டு உள்ளீட்டு வரி பெறும் மோசடிகளை ஜிஎஸ்டி அதிகாரிகள் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருமான வரி சேமிப்பவரைத் தண்டிக்கிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. இந்தியா அதற்கு ஒரு விடையைச் சோதித்தும் பார்த்தது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் யோசனையை ஏற்று, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957இல் செலவு வரியை அறிவித்தார். தனிநபரின் ஆண்டுச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே வரி. செலவு கூடக் கூட வீதமும் கூடும். வசூல் சொற்பமாக இருந்ததால் 1962இல் நீக்கப்பட்டது. 1964இல் திரும்பி வந்து 1966இல் மறுபடி போனது. நடைமுறையில் தோற்றாலும் அது ஏழையைத் தொடவில்லை. விற்பனை வரிக்கு அந்த வரம்பு கிடையாது.

பழமைவாதிகள் போற்றும் ராஜாஜியின் முன்மாதிரியும் இக்கோரிக்கைக்குத் துணை நிற்காது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் இந்தியாவின் முதல் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவர் அவர். அதன் வீதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வருமான வரிக்கு மாற்றாக அது வரவில்லை. அதைக் கூட்டவும் குறைக்கவும் மாகாணச் சட்டமன்றத்தால் முடிந்தது. இன்று ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு; முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பூதலூர் விவசாயியின் பம்புசெட்டுக்கான வரியைத் தமிழ்நாடு நடைமுறையில் தனியே குறைக்க முடியாது. இருக்கும் விற்பனை வரியைச் சீர்செய்வதே முதலில் நடக்க வேண்டியது. உரம், பூச்சிமருந்து, பம்புசெட் மூன்றுக்கும் வரியைச் சுழியமாக்கி, அவற்றைத் தயாரிப்போர் கட்டிய உள்ளீட்டு வரியையும் அரசு திருப்பித் தர வேண்டும்.